மஞ்சுக்குள் ஒரு கூவல்

கீரிப்பாறை தாண்டி, ரப்பர் மரங்கள் முடிந்து கிராம்புத் தோட்டம் தொடங்குகிற வளைவில்தான் பிரிஜாவுக்கு முதலில் அந்த வாசம் வந்தது. ஜீப் ஜன்னலைத் திறந்தால் ஈர மண்ணும் கிராம்பு இலையும் மணக்கவேண்டிய இடத்தில், அலை விலகிய பாறையில் பாசி காய்கிற வாசம். கடலோர முட்டத்தில் பிறந்து முட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். அந்த வாசத்தை வேறொன்றென்று நினைக்க அவளால் முடியாது. பின்னால் கிடந்த கூடாரத் துணியில் ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் கூடாரம் ஜீப் ஓட்டிவந்த ஜெயசிங்குடையது, அருமனையில் அவன் வீட்டுப் பரணில் கிடந்தது, கடலைப் பார்த்ததே கிடையாது.

இந்தப் பயணமே அவள் பிடித்த பிடிவாதம். ஒக்கிப் புயலில் அவள் புருஷன் லிஜினும் அவன் அண்ணன் கபிரியேலும் போன வள்ளம் கவிழ்ந்தது. லிஜின் மட்டும் திரும்பி வந்தான். வந்தான் என்றுதான் ஊரில் சொன்னார்கள். அவளுக்குத்தான் தெரியும், பாதி ஆள்தான் வந்தது. அலைச்சத்தம் கேட்கிற அந்த வீட்டில் அதற்குப் பிறகு அவன் முழுதாய் உறங்கியதில்லை. எழுந்து போய் வாசலில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பான். கடல் கேட்காத இடத்தில் இரண்டு நாள் தூங்கினால் மீதி ஆளும் கிடைத்துவிடுவான் என்று அவள் நம்பினாள். உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஜெயசிங் லிஜினோடு கல்லூரியில் படித்தவன். மேலே கிராம்பு எஸ்டேட்டில் சூப்பர்வைசர். அவன் முதலாளியிடம் கேட்டு, எஸ்டேட் எல்லையில் ஒரு பாறைத் திட்டில் கூடாரம் போட இடம் வாங்கியிருந்தான். போய்ச் சேர்ந்தபோது வெயில் இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. லிஜின் கயிறுகளை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டான்.

"ஏலே, நீ கூடாரம் கெட்டுதியா, வள்ளம் கெட்டுதியா?" என்றான் ஜெயசிங்.

"காத்தடிச்சா ரெண்டும் ஒண்ணுதாம்லே."

லிஜின் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பிரிஜா பிளாஸ்க்கிலிருந்து கட்டன்சாயா ஊற்றிக் கொடுத்தாள், மரச்சீனிக் கிழங்கு வேகவைக்க அடுப்புக்கு மூன்று கல் பொறுக்கிவைத்தாள். வந்தது வீண்போகவில்லை என்று நினைத்தாள்.

அப்போது மஞ்சு மூடுபனியாய் ஏறியது. கீழிருந்துதான் ஏறியது, வெள்ளையாய், அவசரமில்லாமல். முதலில் பள்ளத்தாக்கு போனது, பிறகு சரிவிலிருந்த மரங்கள் ஒவ்வொன்றாய் இடுப்புவரை, கழுத்துவரை மூழ்கின, கடைசியில் ஜீப்பின் முன்பக்கம் மட்டும் தெரிந்தது. பறவைச் சத்தம் நின்றது. இலைகளிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது, அதுவும் எந்தப் பக்கமென்று சொல்லமுடியாதபடி எல்லாப் பக்கத்திலும் கேட்டது. பாசி வாசம் இப்போது நாக்கிலேயே படிந்தது.

கீழே யாரோ கூவினார்கள்.

"ஊ... ஓய்."

ஒரு நீட்டல், ஒரு வெட்டு. மலைக்காரர்கள் கூவுகிற கூவல் இல்லை அது. லிஜின் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். இரண்டு கையையும் வாயருகே குவித்து, அதே நீட்டலோடு பதில் கூவினான்.

ஜெயசிங்கின் முகம் செத்துப்போனது. "லேய், மஞ்சுக்குள்ள கூவாத. இங்க யாரும் கூவமாட்டோம். ஆளக் கூப்பிடணும்னா தகரத்தத் தட்டுவோம்."

"ஏம்ணே?" என்றாள் பிரிஜா.

"பழக்கம் அப்படியாக்கும்." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"கேட்டா பதில் குடுக்கணும் மக்கா. குடுக்காம இருக்கது பாவம்," என்றான் லிஜின்.

கடற்கரையில் அது சட்டம் மாதிரி. மூடுமஞ்சில் ஒரு வள்ளம் கூவினால் கேட்டவன் பதில் கூவவேண்டும். ஒரு தடவை போதாது, அவன் வந்து சேரும்வரை கூவவேண்டும். பதில்தான் அவனுக்கு வழி. நிறுத்தினால் அவன் திசை மாறிப் போய்விடுவான். புயலன்று யாரோ முகம் தெரியாதவர்கள் விடாமல் பதில் கூவியதால்தான் லிஜின் நீந்திப்போய் அவர்கள் வள்ளத்தைப் பிடித்தான். அதே இருட்டில் கபிரியேலும் கூவியிருக்கிறான். உப்புநீர் குடித்துப் புண்ணான தொண்டையில் லிஜினுக்குச் சத்தம் வரவில்லை. அண்ணனின் கூவல் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளிப்போய், பிறகு இல்லாமல் போனது.

மறுபடியும் கூவல். பக்கத்தில்.

லிஜின் அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் பயமே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "ஏட்டி, அது எங்க அண்ணனாக்கும்," என்றான். கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல் சொல்லிவிட்டு மஞ்சுக்குள் இறங்கினான்.

ஜெயசிங் பின்னால் ஓடினான். கொஞ்ச தூரத்தில் தன் காலே தெரியாமல் திரும்பி வந்தான். மூச்சு வாங்கியது. "பாற அந்தப் பக்கம் தீந்துபோவும், பிரிஜா. கீழ பாதாளம். நான் வேலக்காரங்க லயத்துக்குப் போயி ஆளும் டார்ச்சும் கொண்டாரேன். நீயும் வண்டில ஏறு."

"நானும் வந்தா அவுங்களுக்கு யாருண்ணே வழி காட்டுவா?"

அவன் சாப்பாட்டுத் தட்டையும் கரண்டியையும் அவள் கையில் திணித்தான். "தட்டிட்டே இரு. என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத."

ஜீப்பின் சத்தம் வளைவில் தேய்ந்தது.

அவள் தட்டினாள். டங், டங் என்ற சத்தம் மஞ்சில் முட்டித் திரும்பி வந்தது. கீழே லிஜினின் கூவல் கேட்டது. அவன் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் தூரத்தில், தப்பான பக்கத்தில். அவள் இன்னும் பலமாகத் தட்டினாள். கூவல் இன்னும் விலகியது. கடலில் வளர்ந்தவனுக்குத் தகரச் சத்தம் எப்படிப் பதிலாகும்? அவன் அதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டான். பதில் இல்லை என்று நினைத்துப் போய்க்கொண்டேயிருப்பான், பாறை தீருகிற பக்கத்துக்கு.

தட்டைக் கீழே போட்டாள்.

"ஊ... ஓய்."

கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு பதில் வந்தது. திரும்பியிருந்தான். அவள் அழுதுகொண்டே மறுபடி கூவினாள். பதில். இன்னும் கிட்டத்தில். கூவினாள். பதில்.

இரண்டு பதில்.

ஒன்று இடப்பக்கம். ஒன்று நேர் கீழே. எதிரொலி என்று நினைத்தாள். மலை கூவினதைத் திருப்பிக் கூவும். எதிரொலிதான். ஆனால் எதிரொலி முந்திக்கொள்ளாது. இது முந்திக்கொண்டது. அவள் வாயைத் திறக்குமுன்னே கூவியது. கிட்டத்தில். மிகக் கிட்டத்தில்.

நிறுத்தலாம். நிறுத்தினால் லிஜின் போய்விடுவான். நிறுத்தாவிட்டால் அதுவும் வரும்.

அவள் நிறுத்தவில்லை.

கல் புரண்டது. சரிவில் காலடி. ஈரமான காலடி. மஞ்சு கறுத்து ஒரு ஆளாய்த் திரண்டது. இடது தோளைச் சற்றே தாழ்த்திய நடை, அவன் நடை. பிரிஜா கல்லில் இடறி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சட்டை பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது.

"எங்க போனீங்க? எங்கதான் போனீங்க?" நெஞ்சில் முகம் புதைத்துத் தேம்பினாள். கனமான கை ஒன்று அவள் தலையைத் தடவியது.

கீழே கூவல் கேட்டது.

"ஊ... ஓய். ஏட்டி பிரிஜா."

கரகரத்து, பயந்துபோய், மூச்சு இரைக்க. லிஜின்.

அவள் காது அந்த நெஞ்சின்மேல் இருந்தது. உள்ளே ஒரு துடிப்பும் இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நடை என்று கலியாண வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பதில் கூவ மூச்சை இழுத்தாள்.

உள்ளங்கை அவள் வாயை மூடியது. மெதுவாக. நோகாமல்.

"போதும்மா," என்றது கபிரியேலின் குரல், பரிவோடு. "இனி கூவாண்டாம்."

லிஜின் மறுபடி கூவினான். பதிலுக்குக் காத்து நின்றான். மறுபடி. இப்போது கொஞ்சம் தள்ளி. பாறை தீருகிற பக்கம்.

அவள் திமிறினாள். கை அசையவில்லை. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு அந்தக் கைக்குள் நின்றாள். கீழே லிஜின் கூவிக்கொண்டே போனான்.