பதினோரு மணி இருட்டு

நாற்பது சக்கரங்களில் ஒன்றுகூடச் சுற்றவில்லை. வெளியே பகல் பதினோரு மணி. இந்த ஆய்வறைக்குள் மட்டும், ஹாம்ஸ்டர் எலிகளுக்காக மாற்றி வைத்த விளக்கு நேரப்படி, நள்ளிரவு. இருட்டினால் போதும், கூண்டுச் சக்கரத்தில் ஏறி ஓடித் தீர்க்கும் கூட்டம், இன்று மரத்தூளுக்குள் கப்சிப்பென்று கிடந்தது.

ஆய்வு மாணவி கூண்டுகள் பக்கம் காதைத் தீட்டினாள். இருட்டில் இவற்றின் ரத்தத்தில் மெலடோனின் என்ற ஹார்மோன் ஏறும். அந்நேரம் கொஞ்சம் வெள்ளை வெளிச்சம் பட்டாலும் சரிந்துவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிக் கெட்டது. இன்று எடுப்பது கடைசி ரத்த மாதிரி. இதுவும் போனால் ஆய்வையே இழுத்து மூடிவிடுவார்கள். அவளுடைய நான்கு வருடமும் ஆற்றில் கரைத்த புளிதான்.

எலிகளை அவ்வளவாகப் பாதிக்காத மங்கிய சிவப்பு விளக்கு ஒன்றே அவளுக்குத் துணை. பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததிலிருந்தே அந்தச் சிவப்பு இன்று கலங்கலாக இருந்தது. கூண்டுகளின் விளிம்புகூடத் தெரியவில்லை. கண் பழகட்டும் என்று கதவோரமாகவே நின்றாள். மரத்தூள் வாடை, மூத்திர நெடி, காற்றுக் குழாயின் முனகல், அதற்கடியில் அவளுடைய மூச்சு, அது அடங்கி ஒரு நொடி பிந்தி இன்னொரு மூச்சு. எதிரொலி என்று மனசுக்குச் சொன்னாள். மனசு கேட்டால்தானே.

வெளிச்சம் நுழையாமலிருக்க அறைக்கு இரண்டு கதவு. நடுவிலிருந்த இருட்டுச் சந்தில் கூண்டுகளைப் பராமரிப்பவர் காத்திருந்தார். அவளுக்கு ஆந்தை என்று பேர் வைத்தவரே அவர்தான். யாராவது கதவைத் திறந்தார்களா என்று மூடிய உள்கதவு வழியே கேட்டாள். இல்லை என்றார். பிறகு அவரே கேட்டார்.

“எதுக்கும்மா பெரிய லைட்ட போட்ட?”

“நான் போடலண்ணா. இருட்டாத்தான் இருக்கு.”

“வெளையாடாத ஆந்தை. கதவுக்கு அடியில பளிச்சுனு தெரியுது.” அவர் குரல் இறங்கியது. “நீ தனியாத்தான உள்ள போன? நாலு காலோட நெழல் விழுதே.”

விளக்கு எரிகிறது. அதனால்தான் எலிகள் தூங்குகின்றன. அவளுக்குத்தான் தெரியவில்லை.

அவள் பார்க்கும் இந்தச் சிவப்பு, விளக்கினுடையது அல்ல. வெளிச்சத்துக்கு எதிரே கையை வைத்தால் விரல்களில் ஊறித் தெரியுமே, அந்தச் சிவப்பு.

கையுறை மாட்டிய கையை மெல்ல முகத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணாடி தட்டுப்படவில்லை. அதன்மேல் எதுவோ. சில்லென்று. விரல்கள். பின்னாலிருந்து பொத்தியபடி.

அவள் தொட்டதும் அவை இன்னும் கொஞ்சம் இறுகின.