பூஜை போட்ட பிரிண்டர்

டிரிங்...! டிரிங்...!

கம்ப்யூட்டர் ரூமில் ஷமீம் பானு போனை எடுத்தாள்.

"லேகியக் கம்பெனியா? குற்றாலம் லாட்ஜுல இருந்து பேசுதேன். எண்ணெய் தேய்க்கிற இசக்கி செத்துப்போயிட்டான்! ராத்திரி உங்க லேகியத்தத்தான் தின்னான்... வெட்டி வெட்டி இழுத்து... வாயெல்லாம் நுரை..."

பானு போனை வைத்துவிட்டு மேனேஜரிடம் ஓடிச் சொன்னாள்.

பத்து மணிக்குத் தென்காசி ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் ஹரிஹரசுப்பிரமணியன் இறங்கினார்.

மேனேஜர் தாணு பூஜைச் சுண்டலை மென்றுகொண்டே வரவேற்றான்.

ஒரு மனுஷன் செத்துக் கிடக்கிறான்... இவனுக்குச் சுண்டல் இறங்குகிறது! பானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"லேகியத்த டெஸ்ட் பண்ணினது யாருய்யா?"

"கெமிஸ்ட் விஜயம் சார். எட்டிக்கொட்டையைச் சுத்தி பண்ணாமப் போட்டா விஷம். அதைப் பாத்துச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். 'அனுப்பலாம்'னு கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்கா, பாவி! அவளை நம்பி அனுப்பிட்டேன்."

"பொய்!" விஜயம் அலறினாள். "முந்தாநாள் நாலு மணிக்கு 'விஷம், அனுப்பக்கூடாது'ன்னு ஏத்தினேன் சார்! எம் பிள்ளை மேல சத்தியம்!"

பானு கீபோர்டைத் தட்டினாள். திரையில் 'அனுப்பலாம். கெமிஸ்ட்: விஜயம்.'

"ஜீப்ல ஏறும்மா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாற்றியவன் யார் என்று அவளுக்கா தெரியாது!

போன மாதம் வரை, தாணு பார்த்துச் சம்மதித்த ரிப்போர்ட்தான் பிரிண்ட் ஆகும். பானு புரோகிராம் எழுதி அதை ஒழித்தாள். இப்போது யார் எதை ஏற்றினாலும், மாற்றினாலும், பேரும் நேரமுமாக ரிப்போர்ட் தானாகவே டிஸ்க்கில் வரிசையாகப் போய் நிற்கும். பிரிண்டர் ஓடும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முந்தாநாள் மத்தியானமே ஆயுத பூஜைக்காகப் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கி, சந்தனம் வைத்து மாலை போட்டாகிவிட்டது. கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. பிரிண்டர் படுத்துவிட்டால் ரிப்போர்ட்டே கிடையாது என்று தாணு நினைத்துவிட்டான், மடையன்!

வாயைத் திறந்து சொன்னால் வரிசையையே அழித்துவிடுவான். பானு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சார்... அந்த ரிப்போர்ட்டப் பேப்பர்ல எடுத்தா கோர்ட்டுக்கு வேணும்லா?"

"கண்டிப்பா வேணும்மா."

"அப்பிடிச் சொல்லு! போடுட்டி பிரிண்ட!" தாணுவுக்கு வாயெல்லாம் பல்.

"பூஜை போட்டது சார்... இன்னைக்கு விஜயதசமி. மேனேஜர் நீங்க இருக்கையில நான் தொடலாமா? உங்க கையால தொடங்குங்க."

தாணு மாலையைக் கழற்றினான். கும்பிட்டான். பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டான்.

கர்ர்ர்ர்...!

சப்-இன்ஸ்பெக்டர் முதல் தாளைக் கிழித்தார்.

முந்தாநாள் தேதி. 'மாலை 4.05. ஏற்றியவர்: விஜயம். விஷம். அனுப்பக்கூடாது.'

தாணுவின் முகம் வெளுத்தது.

இரண்டாவது தாள். அதே தேதி. 'மாலை 6.20. மாற்றியவர்: தாணு. அனுப்பலாம்.'

"எ... எம் பேர்ல இந்த விஜயமே ஏத்தியிருக்கா சார்!"

கர்ர்ர்ர்... மூன்றாவது தாள். இன்றைய தேதி. 'காலை 9.10. மாற்றியவர்: தாணு. கெமிஸ்ட் பெயர் சேர்ப்பு: விஜயம்.'

"ஒம்பது பத்துக்கு நீ எங்கம்மா இருந்த?" சப்-இன்ஸ்பெக்டர் விஜயத்திடம் கேட்டார்.

"சுரண்டை பஸ்ல சார்! கண்டக்டரக் கேளுங்க!"

தாணு வெடித்தான். "பின்ன என்ன சார்? ஆயிரம் டப்பாவையும் குப்பையில கொட்டச் சொல்லுதியளா? செத்தது ஒரு எண்ணெய் தேய்க்கிறவன்தான!"

"தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனாலே?" சப்-இன்ஸ்பெக்டர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

பிரிண்டர் நிற்கவில்லை. கர்ர்ர்ர்... அவன் மாற்றிய வேறு லேகியச் சரக்குகளின் தாளும் வந்துகொண்டே இருந்தது.

"ஏட்டி, நிறுத்துட்டி அந்த மிஷின!" வாசலில் இருந்து தாணு கத்தினான்.

"அது எப்படி சார்?" என்றாள் பானு. "ரெண்டு நாள் லீவு குடுத்தியள்லா... விட்ட வேலைய முடிச்சிட்டுத்தான் நிக்கும்!"