தேன் நிறப் புஷ்பராகம்

2025ஆம் ஆண்டு ஜூலை பதினான்காம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. திருத்தங்கல் வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. காய்ச்சலால் ஒரு வாரம் வராமலிருந்த தஹ்மீனா, ஏழாம் வகுப்பின் ஜன்னலோரம் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே மூன்று கற்கள் இருந்தன. மூன்றாவது, அவள் கொண்டுவந்த கல்லைப் போல இல்லை.

அவை அவளுடைய மாமா செய்யது அபுதாஹிரின் கற்கள். விருதுநகரில் கல் வியாபாரம் செய்யும் அவர், பள்ளிக் கண்காட்சிக்காக மூன்று புஷ்பராகங்களை, அதாவது டோபாஸ் கற்களை, பத்து நாள்களுக்கு முன் கொடுத்திருந்தார். புஷ்பராகம் என்றால் மஞ்சள் என்றுதான் வகுப்பு நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையைக் கற்கள் முதல் நாளே கெடுத்தன. ஒன்று நீலம்; நீள்வட்டமாகப் பட்டை தீட்டப்பட்டது. ஒன்று இளஞ்சிவப்பு, நீர்த்துளி வடிவம். மூன்றாவது தேன் நிறம். மூலைகள் வெட்டப்பட்ட செவ்வகம், ஓரங்களில் படிக்கட்டுகளைப் போன்ற பட்டைகள்.

இன்று அந்தச் செவ்வகம் தண்ணீர் நிறத்தில் இருந்தது. தினமும் பார்த்தவர்கள் எதையும் கவனித்திருக்கவில்லை.

பெட்டிக்கு ஒரே சாவி. அது தஹ்மீனாவின் தோழி ரோஜாவிடம் இருந்தது.

மதிய மணி அடிப்பதற்குள் வகுப்பு விசாரணையை முடித்துவிட்டது. ரோஜா வெள்ளிக்கிழமை புது ஹேர் கிளிப் அணிந்து வந்தாள் என்பது தருண்குமார் கண்டுபிடித்த சான்று. மாலையில் மாமா வந்தார். கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கல்லு வேறம்மா" என்றார்.

தலைமையாசிரியை அருணாதேவி தமிழும் நடத்துபவர். அறிவிப்புப் பலகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தாலும் நின்று திருத்திவிட்டுத்தான் நகர்வார். முடிவை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகவும், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்றும் சொன்னார். கல்லை எடுத்தவள் என்று அந்தத் தாளில் வந்துவிட்டால், ரோஜா அந்தப் பெயரோடுதான் இனிப் பள்ளிக்கு வர வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்யும் அவள் அம்மா வெள்ளைத்தாயும் அதைக் கேட்க வேண்டும்.

வாசலில் ரோஜா தஹ்மீனாவை மறித்தாள்.

"நீயும் அப்பிடித்தான் நெனைக்கியா?"

தஹ்மீனா அவளைச் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் தமிழ் வகுப்பு. "பந்து உருண்டது, தன்வினை. பந்தை உருட்டினான், பிறவினை" என்று விளக்கிய அருணாதேவி, பிறவினைக்கு வேறோர் எடுத்துக்காட்டுக் கேட்டார்.

தருண்குமார் எழுந்தான். "ரோஜா கல்லை மாற்றினாள்."

சிலர் சிரித்தார்கள். அருணாதேவி சிரிக்கவில்லை.

"இலக்கணம் சரி. செய்திக்குச் சான்று இல்லை. உட்கார். தஹ்மீனா, இதையே தன்வினையில் சொல்."

"கல் மாறியது" என்றாள் தஹ்மீனா. சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. கல் தானாக மாறுமா?

அவள் கண் ஜன்னலுக்குப் போனது. போன தீபாவளிக்கு அங்கே ஒட்டிய மத்தாப்புப் பெட்டி லேபிளில் சிவப்பு முழுவதும் போய், நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. லேபிள் அச்சடிக்கும் ஊரில் வெயில் எந்த நிறத்தை முதலில் தின்னும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று மாலை மாமாவின் லென்ஸை வாங்கிக் கல்லைப் பார்த்தாள். செவ்வகத்தின் ஒரு மூலையில் கடுகளவு மூளி இருந்தது. கல்லைக் கொடுத்த அன்று மாமாவே காட்டிய மூளி.

"மாமா, மாத்துனவுக மூளியக்கூடவா பாத்துச் செஞ்சிருப்பாக?"

மாமா லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்பவாச்சும் வெயில்ல வச்சிருக்கீகளா?" என்றாள் தஹ்மீனா.

"வெயில்ல எதுக்கு வைக்கணும்? வாங்குன நாள்லேருந்து பொட்டணத்துலதான் கெடந்துச்சு."

அந்தக் கல்லோடு வந்த, பட்டை தீட்டாத இரண்டு படிகங்கள் அவரிடம் இருந்தன. நீளவாக்கில் மெல்லிய கோடுகள். கத்தியால் நறுக்கியதைப் போலத் தட்டையாக உடைந்த முனை. இரண்டுமே தேன் நிறம். தஹ்மீனா கேட்டுக்கொண்டபடி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. மற்றது பொட்டலத்தோடு தலைமையாசிரியையின் மேசை இழுப்பறைக்குள் போனது. பெட்டியின் சாவியையும் அவரே வைத்துக்கொண்டார்.

நான்கு நாள்களாகியும் எதுவும் மாறவில்லை. தஹ்மீனா இப்போது தன் கண்ணையே சந்தேகித்தாள். ரோஜா அவளோடு பேசவில்லை. ஆனால் அவளும் தினமும் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை. இரண்டு படிகங்களும் ஒரே வெள்ளைத் தாளில் வைக்கப்பட்டன. இழுப்பறைக் கல் தேன். ஜன்னல் கல் தண்ணீர்.

"இம்புட்டு வருசமா கல்லோடயே கெடக்கேன். இது தெரியாமப் போச்சே" என்று மாமா தலையைச் சொறிந்தார். கல் வேறு என்று சொல்லி ரோஜாவைச் சந்தேகத்தில் மாட்டிவிட்டதற்கு வருத்தமும் சொன்னார்.

"அப்ப அந்தக் கிளிப்பு?" என்றான் தருண்குமார்.

"அது எங்க அத்தை வாங்கித் தந்ததுலே."

தஹ்மீனா ரோஜாவின் பக்கத்தில் போய் நின்றாள். "நானும் அப்பிடித்தான் நெனைச்சேன், ரோஜா."

"தெரியும்" என்றாள் ரோஜா. பிறகு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

அருணாதேவி எழுதினார்: 'தேன் நிறப் புஷ்பராகத்தை யாரும் மாற்றவில்லை. அது வெயிலில் மாறியது. பெட்டிச் சாவி ரோஜாவிடமே இருக்கும்.' ஒருமுறை படித்தார். விடுபட்ட ஓர் ஒற்றைச் சேர்த்தார். பச்சை மையில் கையெழுத்திட்டார். பிறகு தாளின் மேல் சாவியை வைத்து, இரண்டையும் ரோஜாவின் கையில் கொடுத்தார்.