ஆளுயர நீர்மட்டம்

எல்நுரா மேல்பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியம். மழை இல்லை. நாரின் நதியில் போய்க் கலக்கும் அந்தச் சிற்றாறு முழங்காலளவே ஓடியது. கரையில் இடிந்த குடில். கெரிம்பெக் அங்கே தனியாகத் தங்கி, கோல் ஊன்றி நீர்மட்டம் பார்த்தவர். வசந்தத்தில் வெள்ளம் அவரைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

இனி கருவிகள். இங்கிருந்து கீழே வரிசையாக ஐந்து பாலங்களின் அடியில் ஐந்து உணரிகள், எல்லாம் அவள் வடிவமைத்தவை. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து உயர்வு காட்டினால்தான் கடைசிப் பாலத்து ஊரில் அபாயச் சங்கு ஊதும். ஒன்று மட்டும் காட்டினால் பிழையென்று தள்ளிவிடும். அந்த ஊருக்குத்தான் அவள் தங்கை ஐபர்சா சென்ற மாதம் வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

அவள் கையிலிருந்த திரையில் முதல் பாலத்து எண் ஏறியது.

ஆள் உயரம்.

டிரைவர் தாலாய் எட்டிப் பார்த்தான். "மாடு கீடு நிக்குதோ? உங்க மெஷினுக்கு மாடும் வெள்ளந்தான் அக்கா."

பாலத்தடியில் எதுவும் இல்லை.

எண் இறங்கியது. எங்கிருந்தோ காய்ந்த எண்ணெய் வாசம்.

"வியாழக்கிழமைல்ல," என்றான் தாலாய். "செத்தவங்களுக்கு வாசம் போகட்டும்னு எந்த வீட்லயோ மாவு பொரிக்கிறாங்க."

சுற்றிலும் வீடே இல்லை.

இரண்டாம் பாலத்தில் ஏறியது. இறங்கியது.

மூன்றாம் பாலத்தில் ஏறியது.

ஒரு நேரத்தில் ஒன்றுதான். சங்கு ஊதாது.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தங்கையை அழைத்தாள். "என்னடி பண்றே?"

"பொரிச்சுக்கிட்டிருக்கேன். நாதியில்லாத மனுசன், அவர் பேரையும் சொல்லுன்னியே. கெரிம்பெக்குன்னு சொல்லித்தான் எண்ணெய்ல போட்டேன்."

தாலாய் குரலைத் தாழ்த்தினான். "புதைக்காதவர் பேரையா சொல்லச் சொன்னீங்க? கூப்பிட்டா வந்துருவாரே அக்கா."

நான்காம் பாலம்.

திரையில் பொத்தானைக் கையால் அழுத்தினாலும் சங்கு ஊதும். வெறும் சங்கு ஒருமுறை ஊதிவிட்டால், நிஜ வெள்ளத்தன்று ஊர் நம்பாது. அது அவளுக்குத் தெரியும்.

அழுத்தினாள்.

"ஐபர்சா, வீட்ல நிக்காதே! மேட்டுக்கு ஓடு!"

பாத்திரம் உருண்டது. கதவு அறைந்தது. பிறகு ஓடும் கால்கள், குழந்தைகளின் அழுகை, மூச்சிரைப்பு.

ஐந்தாம் பாலத்தில் எண் ஏறியது. இறங்கியது.

"வந்துட்டோம்க்கா," என்றாள் ஐபர்சா. "ஊரே மேல வந்தாச்சு. வெள்ளத்தைத்தான் காணோம்."

எல்நுரா கண்களை மூடினாள்.

"ஒருத்தர் மட்டும் இப்பத்தான் ஏறி வர்றார். கையில நீளமா ஒரு கோல். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட." ஐபர்சா சிரித்தாள். "என்னைப் பார்த்துத் தலையாட்டுறார். உங்க ஆபீஸ் ஆளா?"