உப்பு மண்ணில் சாரணை

குட்டி பெலிக்ஸின் கல்லறையில் அம்மா மூன்று செடிகள் வைத்தாள். மூன்றும் பட்டுப்போயின. நிலக்கோட்டையிலிருந்து வாங்கி வந்த மல்லிகைக் கன்று ஒரு வாரம் தாங்கியது. ரோஜா நாலு நாள். காசித்தும்பை, பாவம், மறுநாளே தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

பெலிக்ஸ், நான்சியின் தம்பி. பிறந்து நாற்பது நாள்தான் இருந்தான். போன தை மாதம் காய்ச்சல் வந்து இறந்துபோனான்.

"என் கை ராசி அப்படி," என்றாள் அம்மா அல்போன்சா. "நான் வச்சா எதுவும் நிக்காது. இனிமே எதையும் தொட மாட்டேன்."

அம்மா செடியை மட்டும் சொல்லவில்லை என்பது பத்து வயது நான்சிக்குப் புரிந்தது. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அது எண்பத்தேழாம் வருடம். கல்லறைத் திருநாளுக்கு இரண்டே நாள் இருந்தது. அன்றைக்குத் திண்டுக்கல் கல்லறைத் தோட்டம் முழுக்கப் பூவும் மெழுகுவத்தியுமாக இருக்கும். அதற்கு முன்பு எல்லோரும் களை பிடுங்கி, வெள்ளையடித்து வைப்பார்கள். சனிக்கிழமை காலை அப்பா மிக்கேல்ராஜ் சுண்ணாம்பு வாளியோடு கிளம்பினார். நான்சியும் கூடப் போனாள்.

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்திருந்தது. தம்பியின் கல்லறையைச் சுற்றி மண் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நான்சி ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள்.

"சீ, துப்பு. மண்ணத் திங்கிற வயசா இது?"

"உப்புப்பா. அம்மா வைக்கிற ரசத்தை விடக் கரிக்குது."

அப்பா சிரித்தார். பிறகு மதில் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் தோல் பதனிடும் ஆலை. தோலில் போடும் உப்பெல்லாம் கழுவின தண்ணீரோடு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அதான் செடி நிக்கல போல," என்றபடி அவர் சுவரோரம் களை பிடுங்க உட்கார்ந்தார். தரையோடு படர்ந்த ஒரு செடி கையில் வந்தது. தடித்த இலைகள். இலைக்கு நடுவே குட்டி குட்டியாக ரோஸ் பூக்கள்.

"அப்பா, நில்லுங்க. இது மட்டும் எப்படி உசுரோட இருக்கு?"

"களைக்கு என்னத்தா கேடு?"

நான்சி அதில் ஒரு கொடியை எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த நசீம் பானு டீச்சர் வீட்டுக்கு ஓடினாள்.

"இது சாரணை," என்றார் டீச்சர். "இந்தக் குடும்பத்துல நெறையச் செடிக உப்பத் தாங்கும். கடலோரத்துல இதுக்குச் சொந்தக்காரச் செடிகளே இருக்கு."

"நம்ம ஊருல கடலே இல்லையே டீச்சர்."

"உப்பு இருக்குல்ல. அது போதும் இதுக்கு."

மறுநாள் நான்சி அம்மாவைக் கல்லறைக்கு அழைத்துப் போனாள். பெலிக்ஸின் பழைய பால்பவுடர் டப்பாவில், வேரும் மண்ணுமாகச் சாரணை இருந்தது.

"நீயே வையி. நான் தொட மாட்டேன்."

"சரி. கண்ண மூடிக்கிட்டு நாக்க நீட்டும்மா."

மிட்டாய் என்று நினைத்து அம்மா நாக்கை நீட்டினாள். அடுத்த நொடி முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது, இம்புட்டு உப்பு?"

"இந்த மண்ணுதாம்மா. மல்லிகை இதுலதான் செத்துச்சு. உன் கையால இல்ல."

அம்மா தன் இரண்டு கைகளையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்ணீர் சொட்டியது. பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, தானே குழி தோண்டத் தொடங்கினாள்.

திங்கள்கிழமை திருநாள். எல்லாக் கல்லறைகளிலும் செவ்வந்தி மாலை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் சடையாண்டி களைக்கொத்தோடு கடைசிச் சுற்று வந்தார்.

"ஏப்பா மிக்கேலு, இந்தக் களைய மட்டும் விட்டுட்டியே," என்று குனிந்தார்.

நான்சிக்குத் திக்கென்றது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்து கல்லறையை மறைத்து நின்றாள். அவள் பின்னால் இரண்டு ரோஸ் பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன.

"அது களை இல்லண்ணே," என்றாள் அம்மா. "எம்புள்ளைக்கு நான் வச்ச செடி."