இரண்டாம் சாவி

பிற்பகல் இரண்டு மணிக்கு, அசைவின்றி நின்றிருந்த ஆன்டெனாவின் பற்சக்கரங்கள் மெல்ல அரைபடும் ஓசை, கழிமுகத்துச் சேற்று வாடையோடு கலந்து மலிந்திக் கடற்கரையின் செயற்கைக்கோள் நிலையக் கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது, கரிசா தேநீர்க் கோப்பையை உதட்டருகிலேயே நிறுத்திக்கொண்டான். மேலே, ஆன்டெனாக் கிண்ணத்தின் அடியில், டாமா சக்கரங்களுக்கு மசகு பூசிக்கொண்டிருந்தாள். ஏறுகிறவர், ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரின் சாவியைத் தம் பையில் போட்டுக்கொண்டே ஏற வேண்டும் என்பது அந்நிலையத்தின் மாறாத வழக்கம்.

அவன் வாக்கி டாக்கியை எடுத்தான். "டாமா, ஏதாச்சும் அசையுதா?"

"உங்க வயிறுதான் அசையும். காலையில எட்டு மஹம்ரி பலகாரம் தின்னா அசையாதா? சாவி என் பையில இருக்கு அண்ணே. எங்க சாரோ மாதிரி மறந்துட்டு ஏறுவேனா?"

அவளுடைய தமையன் சாரோ எதையும் மறக்கவில்லை.

ஒன்பது மாதங்களுக்கு முன் எங்கோ ஒரு விண்மீன் வெடித்தது. அதன் காமா கதிர்களைக் கண்டுகொண்ட செயற்கைக்கோள், பத்தே நிமிடங்கள் நிலையத்தின் மேலாகக் கடக்கவிருந்தது. அத்தரவை இழக்க மனமில்லாத கரிசா, சாரோ இறங்கியிருப்பான் என்று எண்ணி, சந்தையில் களவாகச் செய்துவைத்திருந்த இரண்டாம் சாவியைத் திருகினான். பின்னர், சக்கரங்களிடையே நசுங்கியிருந்த உடலின் பையிலிருந்து உண்மைச் சாவியை உருவி, குருதியைத் துடைத்து, கட்டுப்பாட்டுப் பலகையில் செருகினான். இரண்டாம் சாவியைக் கழிமுகத்தில் எறிந்தான்.

கணினி ஒலித்தது. புதியதொரு வெடிப்பு. செயற்கைக்கோள் தொடுவானில் எழுந்துகொண்டிருந்தது.

கரிசா பலகையைப் பார்த்தான். சாவித்துளையில் ஒரு சாவி இருந்தது. அதிலிருந்து சேறு வடிந்தது.

அது தானாகவே திரும்பியது.

நிறுத்தும் பொத்தானை அடித்தான். பயனில்லை. சாவியைப் பற்றி இழுத்தான். விரல்களின் தோல் உரிந்ததேயன்றி அது அசையவில்லை.

"அண்ணே, கிண்ணம் திரும்புது. காத்தா, மோட்டாரா? மோட்டார்னா குதிச்சிடறேன். கால் போனாப் போவுது."

ஒரு சொல் போதும். ஆனால் அச்சொல்லுக்குப் பின் அவள் கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்று: சாவி தன் பையில் இருக்க, மோட்டார் எப்படி ஓடுகிறது?

"அண்ணே?"

"காத்துதான், டாமா."

அலறல். எலும்பு முறியும் ஓசை. மீண்டும் எலும்பு. பிறகு, மசகிட்ட சக்கரத்தின் வழுக்கலான சுழற்சி.

திரையில் தரவு குறையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே வெண்கிண்ணத்தின் மீது செம்மை வழிந்தது.

செயற்கைக்கோள் இன்னும் வானின் நடுவில் இருந்தது. ஆன்டெனா அதைக் கைவிட்டது. மெல்லத் தாழ்ந்தது. அவன் சன்னலை நோக்கித் திரும்பியது.

கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு கைகள். இரண்டும் ஒரே ஆளுடையவை அல்ல.

ஒன்றின் விரல்கள் சாவியை இறுகப் பற்றியிருந்தன. சேறு படிந்த மற்றொன்று, தன் சாவியைக் கேட்பதுபோல், வெறும் உள்ளங்கையை அவனை நோக்கி விரித்திருந்தது.