இலை அல்லாத பச்சை

காடு செத்துவிட்டது என்றது செயற்கைக்கோள் படம். நேரில் வந்து பார்த்தால், பச்சைப் பசேலென்று நின்றுகொண்டிருந்தது.

"உங்க செயற்கைக்கோளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்மா," என்று சிரித்தார் ஜீப் ஓட்டி வந்த அண்ணன்.

அந்தப் படங்களை ஆராய்வதே வேலையான அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒளியை நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் கருவி அது. உயிருள்ள இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வாரி இறைக்கும். பச்சைப் பெயிண்ட் பூசிய தகரத்துக்கு அது வராது. மனிதக் கண்ணை ஏமாற்றலாம், அந்தக் கருவியை ஏமாற்ற முடியாது. அந்தச் செத்த திட்டு மாதாமாதம் ஊர்ப் பக்கமாக அகன்றுகொண்டே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வந்திருந்தாள்.

"நீங்க இங்கயே இருங்க. நான் போய் ஒரு கொப்பு ஒடிச்சிட்டு வந்துடறேன்," என்று அண்ணன் மரங்களுக்குள் நுழைந்தார்.

அவர் மறைந்த பிறகுதான் கவனித்தாள்: சாயங்காலக் காற்று அவள் முடியைக் கலைத்துக்கொண்டே இருந்தும் ஓர் இலைகூட அசையவில்லை, பூச்சிகளின் இரைச்சல் இல்லை, சருகு வாசனைக்குப் பதிலாக, பலர் தூங்கி எழுந்த அறையைத் திறந்ததும் வருமே, அப்படியொரு வெதுவெதுப்பான வாடை மரங்களுக்கிடையிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்தது. அதே வேலையைச் செய்யும் கைக்கருவி ஒன்றை எடுத்து ஒரு கிளையை நோக்கிப் பிடித்தாள். உயிருள்ள இலைக்கு எழும்ப வேண்டிய கோடு திரையில் எழும்பவில்லை. இலையைத் தொட்டாள். சூடாக இருந்தது. காம்பு எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே வழவழப்பு.

இலை அவள் விரலிலிருந்து மெதுவாக நழுவிப் பின்வாங்கியது.

"அண்ணே! கொப்பு வேணாம், வந்துடுங்க!"

"வந்துட்டேம்மா." உள்ளேயிருந்து.

"வந்துட்டேம்மா." இடப்பக்கம். அதே குரல், அதே இழுவை.

"வந்துட்டேம்மா." தலைக்கு மேலே.

ஜீப்பிடம் ஓடினாள். சாவி அவரிடம்.

அவர் வெளியே வந்தார். அதே நடை. அதே காக்கிச் சட்டை. ஆனால் சட்டை முடிந்து கழுத்து தொடங்கும் இடம் இல்லை. காற்று வேகமாக அடித்தது. காலர் படபடக்கவில்லை. முடி அசையவில்லை.

"வந்துட்டேம்மா."

வாய் திறக்கவில்லை.

அவருக்குப் பின்னால் ஒரு மரத்திலிருந்து இன்னொரு உருவம் பிரிந்து நின்றது. அவள் உயரம். அவள் போட்டிருந்த அதே நீலக் கோட்டு. கையில் அவளுடைய கருவி.

முகம் மட்டும் இன்னும் பச்சையாக இருந்தது.